கல்லூரியில் தாவரவியல் பாடம் நடத்திக்கொண்டே வகைப்பாட்டியல் ஆராய்ச்சி செய்ய முடியுமா?

கேள்வி இதுதான்: எம்.எஸ்சி. தாவரவியல் முடிக்கப்போகிற ஒருவர் கல்லூரி ஆசிரியராக விரும்புகிறார். செடிகளைத் தேடிப்போய் இனங்கண்டு எழுதும் வகைப்பாட்டியல் ஆராய்ச்சியிலும் ஆர்வம். வகுப்பு, இன்டர்னல் மார்க், கல்லூரித் தரமதிப்பீட்டுக்கான நாக் (NAAC) ஃபைல் என்று நாள் போய்விட்டால் ஆராய்ச்சிக்கு நேரம் ஏது என்று கேட்கிறார்.

முடியும். வகுப்புக்கு ஒரு செடி, ஆராய்ச்சிக்கு வேறொரு செடி என்று பிரித்தால் இரண்டும் கெடும். மாணவருக்குக் காட்டும் செடியும் நீங்கள் ஆராயும் செடியும் ஒரே வட்டாரத்தில் இருக்கும்படி வேலையை அமைத்துக்கொண்டால், வாரம் 16 மணி நேர டைம்டேபிளுக்குள்ளேயே ஆராய்ச்சியில் பாதி நடந்துவிடும்.

இது புது யோசனையும் அல்ல. சென்னை மாநிலக் கல்லூரியில் தாவரவியல் பேராசிரியராக இருந்த பி. எஃப். ஃபைசன் 1915 முதல் 1920 வரை வெளியிட்ட நீலகிரி, பழனி மலையுச்சித் தாவர நூலுக்கு அவரே ஓர் எல்லை போட்டுக்கொண்டார்: 6500 அடிக்கு மேலே, ஊட்டி, கோத்தகிரி, கோடைக்கானல் சுற்றுவட்டாரம் மட்டும். கையில் அடங்கும் அளவாக இருந்ததால்தான் அது முடிந்தது. அதே கல்லூரியிலிருந்து பல்கலைக்கழகத் தாவரவியல் ஆய்வுக்கூடத்துக்குப் போன எம். ஓ. பி. அய்யங்கார் எடுத்துக்கொண்டது பாசிகளை மட்டும். ஃபிரிட்ச்சியெல்லா என்ற பாசிப் பேரினத்தை 1932-ல் விவரித்தவர் அவர். திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியின் ராபினாட் ஹெர்பேரியத்திலிருந்து (உலர்த்திய செடிகளின் காப்பகம்) கே. எம். மாத்யூ 1980-களில் தமிழ்நாட்டின் ‘கர்னாடிக்’ என்று வழங்கும் கிழக்குப் பகுதியின் தாவரங்களைத் தொகுத்தார்; 1999-ல் பழனி மலைக்கென்று தனியாக மூன்று தொகுதிகள் கொண்டுவந்தார். மூன்று பேருமே கல்லூரிக்காரர்கள். ஒருவர் எல்லையைச் சுருக்கினார், ஒருவர் குழுவைச் சுருக்கினார், ஒருவர் வட்டாரம் வட்டாரமாக எடுத்துக்கொண்டு முடித்தார்.

தகுதி விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எம்.எஸ்சி.யில் 55 சதவீதம், அதோடு ஆசிரியர் தகுதித் தேர்வான நெட் (தேசிய அளவு) அல்லது செட் (மாநில அளவு). 2023 ஜூலையில் யு.ஜி.சி. விதியைத் திருத்தியபின் உதவிப் பேராசிரியர் நேரடி நியமனத்துக்கு இவைதான் குறைந்தபட்சத் தகுதி, பிஎச்.டி. இருந்தால் கூடுதல் பலம். தாவரவியலுக்கென்று தனி நெட் தாள் இல்லை, சி.எஸ்.ஐ.ஆர்.-யு.ஜி.சி. நெட் தேர்வின் உயிர் அறிவியல் தாளைத்தான் எழுத வேண்டும். அதன் 13 அலகுகளில் தாவரம் முழுசாக வருவது சிலவற்றில்தான். வகைப்பாட்டியலில் மட்டும் மூழ்கியவர்கள் மூலக்கூறு உயிரியலில் வழுக்கி விழுவது இதனால்தான். தொடக்கச் சம்பளம் யு.ஜி.சி. அளவில் லெவல் 10, அடிப்படை 57,700 ரூபாய். பிஎச்.டி.யோடு சேருபவர் பேராசிரியர் நிலைக்கு வர, நான்கு பதவி உயர்வுகளுக்கு 4, 5, 3, 3 என்று மொத்தம் 15 ஆண்டு. இது காகிதக் கணக்கு. நிரந்தர வேலை கிடைப்பதற்கு முன் கௌரவ விரிவுரையாளராகச் சில ஆண்டுகள் கழியும் என்பதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஆண்டுகளிலும் செடி சேகரிக்கலாம், அதற்கு நியமன ஆணை தேவையில்லை.

டைம்டேபிளுக்கு வருவோம். உதவிப் பேராசிரியருக்கு வாரம் 16 மணி நேரம் நேரடி வகுப்பு, இணைப் பேராசிரியருக்கும் பேராசிரியருக்கும் 14. சிக்கல் மணிக்கணக்கில் இல்லை, காலண்டரில் இருக்கிறது. சமவெளியில் ஓராண்டுச் செடிகள் பூப்பது வடகிழக்குப் பருவமழை தொடங்கியபின், அக்டோபர் கடைசியிலிருந்து ஜனவரி வரை. செமஸ்டர் தேர்வும் விடைத்தாள் திருத்தும் வேலையும் வந்து விழுவது சரியாக அதே நவம்பரில். மே மாதம் முழுக்க விடுமுறை, ஆனால் ஏரிக்கரையில் காய்ந்த குச்சிதான் இருக்கும். ஆகவே நவம்பர், டிசம்பருக்குக் கல்லூரியிலிருந்து பத்து கிலோமீட்டருக்குள் ஓர் ஏரி, ஒரு கோவில் காடு, ஒரு பாறைக்குன்று என்று பிடித்துவைத்துக்கொள்ளுங்கள்; மாலை நாலரைக்குக் கிளம்பினாலும் ஒன்றரை மணி நேரம் கிடைக்கும். ஏப்ரல், மே விடுமுறையை மலைக்கு வையுங்கள், மலைக்காட்டு மரங்களில் நிறைய அப்போது பூவிலும் பிஞ்சிலும் இருக்கும்.

ஆய்வக வகுப்பைச் சிலர் சுமையாக நினைக்கிறார்கள். நல்ல ஆராய்ச்சிக் கை உருவாவதே அங்கேதான். எல்லாக் கல்லூரியிலும் நடக்கிற, பாதிக் கல்லூரிகளில் சரியாக வராத ஒரு செய்முறையை எடுத்துக்கொள்வோம்: வெங்காய வேர்நுனியில் மைட்டாசிஸ், அதாவது செல்பகுப்பைப் பார்ப்பது.

பெரிய வெங்காயத்தைவிடச் சின்ன வெங்காயம் சுலபம். அதற்கும் குரோமோசோம் 16தான். அடித்தட்டில் ஒட்டியிருக்கும் காய்ந்த வேரைப் பிளேடால் சீவிவிட்டு, அடி மட்டும் தண்ணீரைத் தொடும்படி பாட்டில் வாயில் உட்கார வையுங்கள். தண்ணீரைத் தினமும் மாற்ற வேண்டும், இல்லையென்றால் அடி அழுகிவிடும். வேர் ஒன்று முதல் இரண்டு சென்டிமீட்டர் நீளம் வந்ததும் நறுக்கி, மூன்று பங்கு ஆல்கஹால், ஒரு பங்கு கிளேசியல் அசிட்டிக் அமிலம் கலந்த கலவையில் 24 மணி நேரம் போட்டு, பிறகு 70 சதவீத ஆல்கஹாலில் மாற்றிவைக்கலாம். ‘செல்லெல்லாம் இன்டர்ஃபேஸிலேயே (பகுப்பு தொடங்காத நிலையிலேயே) இருக்கிறது’ என்று புகார் வருவதற்குப் பெரும்பாலும் நறுக்கிய நேரம்தான் காரணம். செல்பகுப்பு உச்சத்துக்கு வரும் நேரம் ஊருக்கும் பருவத்துக்கும் மாறும். ஒரே ஒரு நாள் காலை 9 மணி முதல் 12 வரை அரைமணிக்கு ஒருமுறை நறுக்கித் தனித்தனி குப்பியில் போட்டுப் பாருங்கள். உங்கள் ஆய்வகத்துக்கான நேரம் தெரிந்துவிடும், அடுத்த ஆண்டு அதே பருவத்துக்கும் அதே கணக்குதான்.

சாயத்துக்கு ஒரு கிராம் கார்மைனை 100 மில்லி 45 சதவீத அசிட்டிக் அமிலத்தில் மெல்லிய தீயில், புகை வெளியேறும் இடத்தில் ஒரு மணி நேரம் கொதிக்கவைத்து வடிகட்ட வேண்டும். வாட்ச் கிளாஸில் ஒன்பது சொட்டு சாயம், ஒரு சொட்டு 1 நார்மல் ஹைட்ரோகுளோரிக் அமிலம். வேரைப் போட்டு ஆவி வரும்வரை மட்டும் ஸ்பிரிட் விளக்கில் காட்டுங்கள். கொதித்தால் திசு பொடிப்பொடியாகும். அரைமணி கழித்து, கருஞ்சிவப்பாகச் சாயம் ஏறிய நுனி ஒன்றிரண்டு மில்லிமீட்டரை மட்டும் வெட்டி எடுக்க வேண்டும். மாணவர்கள் தவறவிடுவது இந்த இடத்தில்தான், நுனியை விட்டுவிட்டு நீண்ட துண்டை வைப்பார்கள். அங்கே செல்கள் நீண்டிருக்குமே தவிரப் பகுக்காது. கவர் கிளாஸ் போட்டு, பென்சிலின் பின்பக்கத்தால் மெதுவாகத் தட்டி, வடிதாளுக்கு நடுவே கட்டைவிரலால் நேர்கீழாக அழுத்த வேண்டும். பக்கவாட்டில் ஒரு நூல் நகர்ந்தாலும் செல்கள் சுருண்டுவிடும். செல்கள் ஒன்றின்மேல் ஒன்று கிடந்தால் அமிலமோ சூடோ போதவில்லை. சாயம் வெளிறியிருந்தால், கவர் கிளாஸ் போடுவதற்கு முன் சாயச் சொட்டைத் துருப்பிடித்த இரும்பு ஊசியால் ஒருமுறை கிளறுங்கள். இரும்பு சேர்ந்து நிறம் கூடும். இந்த அளவுக்குக் காரணகாரியத்தோடு செய்முறை நடத்துபவரிடம் படித்த மாணவன் பின்னாளில் களத்துக்கு வந்தாலும் கவனமாக இருப்பான்.

பாடத்திட்டத்தில் ஒரு முரண்பாடு உண்டு. நம் கல்லூரிகளில் நடத்துவது இன்னமும் 1862-க்கும் 1883-க்கும் இடையில் வெளிவந்த பெந்தாம்-ஹூக்கர் முறை. ஆராய்ச்சிக் கட்டுரை கேட்பது டி.என்.ஏ. ஆதாரத்தை வைத்து அமைத்த, 2016-ல் வந்த ஏ.பி.ஜி. வகைப்பாட்டின் நான்காம் பதிப்பு. எருக்கை வகுப்பில் அஸ்கிளெபியடேசி என்று சொல்லிவிட்டு, கட்டுரையில் அப்போசைனேசி என்று எழுத வேண்டும். நொச்சியும் தேக்கும் வெர்பினேசியிலிருந்து லேமியேசிக்குப் போய்விட்டன. ஆவாரை காசியாவிலிருந்து சென்னா ஆகிவிட்டது. பழையதைக் கைவிடாதீர்கள், நம் நாட்டு ஹெர்பேரிய அலமாரிகள் பெரும்பாலும் பெந்தாம்-ஹூக்கர் வரிசையில்தான் அடுக்கப்பட்டிருக்கின்றன. இரண்டையும் ஒரே செடியை வைத்து நடத்தினால் மாணவருக்குப் புரியும்.

சேகரிப்புதான் இந்தத் தொழிலின் முதுகெலும்பு. அதனால் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன்.

பூவோ காயோ இல்லாத கிளையை எடுக்காதீர்கள். இலையை மட்டும் வைத்துக்கொண்டு இனம் சொல்ல முடியாத குடும்பங்கள் ஏராளம். சேகரிக்கும் ஒவ்வொரு செடிக்கும் ஓர் எண் கொடுத்து, அதே எண்ணில் நாலைந்து டூப்ளிகேட் எடுங்கள். அரிய செடியாக இருந்து நாலைந்து செடிகள்தான் கண்ணில் பட்டால் ஒரு கிளையோடு நிறுத்திக்கொள்ளுங்கள், மிச்சத்துக்கு ஃபோட்டோ போதும். சிறுசெடி, புல் எல்லாம் வேரோடு வேண்டும். நீளமான புல்லை வி, என் வடிவில் மடக்கலாம். ஒரு இலையாவது அடிப்பக்கம் தெரியும்படி திருப்பி வைக்க வேண்டும். பிரஸ்ஸில் (செடியைத் தாள்களுக்கு நடுவே அழுத்திக் காயவைக்கும் சட்டம்) வைக்கும்போதே இரண்டு பூக்களைப் பிரித்து விரித்து வைத்தால் பிறகு அறுக்க வேண்டிய வேலை மிச்சம்.

களக்குறிப்பைப் பென்சிலால் எழுதுங்கள், மழையில் பேனா மை கரைந்துவிடும். காய்ந்தபின் தெரியாமல் போகிறவற்றை மட்டும் எழுதினால்கூடப் போதும்: மரத்தின் உயரம், பட்டை, பால் வடிகிறதா, வாசனை, பூவின் நிறம், மண், அருகில் என்னென்ன செடி. ‘இலை எதிரெதிராக’ என்று எழுதுவது வீண், அது செடியை ஒட்டிவைக்கும் ஷீட்டிலேயே தெரியும். இடம் குறிக்கும்போது ‘கொல்லிமலை’ என்று மொட்டையாக எழுதினால் அந்த மாதிரிக்குப் பாதி மதிப்புதான். கிராமம், எந்தப் பாதை, அட்சரேகை, தீர்க்கரேகை, கடல்மட்ட உயரம் எல்லாம் வேண்டும். சேகரிப்பு எண் உங்கள் பெயரில் 1-லிருந்து தொடங்கி ஓய்வுபெறும்வரை ஒரே வரிசையாகப் போகட்டும். ஆண்டுதோறும் 1-லிருந்து தொடங்குவதும், ஒவ்வொரு மலைக்கும் தனி வரிசை போடுவதும் பின்னால் பெருங்குழப்பம் தரும்.

முதல் 24 மணி நேரத்தில் ஒருமுறை தாள் மாற்றியே ஆக வேண்டும், அதற்குப்பின் காயும்வரை தினமும். சமவெளியில் ஒரு வாரம் ஆகலாம். மழைக்காலத்தில் மலையில் தாள் காயாது. அப்போது மாதிரிகளைச் செய்தித்தாளில் சுற்றி, கட்டாக்கி, பாலிதீன் பையில் போட்டு ஸ்பிரிட் ஊற்றி இறுகக் கட்டிக் கல்லூரிக்குக் கொண்டுவந்து காயவைப்பார்கள். பூ நிறம் போய்விடும், இலை பழுப்பாகும், ஆனால் பூஞ்சை பிடிக்காது. டி.என்.ஏ. எடுக்க இந்த மாதிரி உதவாது என்பதால், ஸ்பிரிட் படுவதற்கு முன்பே இளம் இலையைத் தனியாக சிலிக்கா ஜெல்லில் போட வேண்டும். இலையைப்போல் பத்து மடங்கு எடை ஜெல் தேவை. குறைவாகப் போட்டால் இலை காய்வதற்குள் டி.என்.ஏ. சிதைந்துவிடும். கள்ளி, சதைப்பற்றுச் செடி, ஆர்க்கிட் கிழங்கு எல்லாம் பிரஸ்ஸுக்குள்ளேயே உயிரோடிருந்து துளிர்விடும். கொதிநீரில் ஒரு நிமிடம் முக்கி எடுங்கள். புல்லுருவி வகைகள் காயும்போது கறுத்து இலையும் பூவும் கழன்று கொட்டும், அவற்றுக்கும் இதே வைத்தியம்தான். நீர்ச்செடியைத் தட்டுத் தண்ணீரில் மிதக்கவிட்டு, அடியில் தாளை நுழைத்து அப்படியே தூக்க வேண்டும். பூவின் உள்ளமைப்பு முக்கியமான குடும்பமானால் சில பூக்களைத் தனிக் குப்பியில் போடுங்கள்: 70 சதவீத ஆல்கஹால் 90 மில்லி, ஃபார்மலின் 5 மில்லி, அசிட்டிக் அமிலம் 5 மில்லி.

ஷீட் ஏறத்தாழ 42-க்கு 28 சென்டிமீட்டர், கெட்டியான அமிலமற்ற அட்டை. லேபிள் வலது கீழ் மூலையில். தடித்த தண்டை நூலால் தைத்துவிடுங்கள். செல்லோ டேப் ஒட்டவே கூடாது, சில ஆண்டுகளில் மஞ்சளாகி உரிந்து, இலையையும் பெயர்த்துக்கொண்டு வரும். மெர்க்குரிக் குளோரைடு தடவும் பழைய வழக்கத்தை விட்டுவிடுங்கள், பூச்சிக்கு மட்டுமல்ல, அந்த ஷீட்டை எடுத்துப் பார்க்கும் மாணவருக்கும் அது விஷம். பழைய ஷீட்டுகளைக் கையுறை இல்லாமல் தொடவிடாதீர்கள். பாலிதீனில் காற்றுப்புகாமல் கட்டி −20 டிகிரி ஃப்ரீசரில் ஒரு வாரம் வைத்தால் வண்டும் புழுவும் செத்துவிடும். வெளியே எடுத்தவுடன் பையைப் பிரித்தால் ஈரம் படியும். அறை வெப்பத்துக்கு வந்தபின் பிரியுங்கள். நாப்தலீன் உருண்டையை நம்பி ஃப்ரீசரைக் கைவிட வேண்டாம்.

அனுமதியில் மெத்தனம் கூடாது. காப்புக்காட்டில் சேகரிக்க வனத்துறை அனுமதி வேண்டும்; சரணாலயம், தேசியப் பூங்கா என்றால் தலைமை வனஉயிரினக் காப்பாளரிடம் போக வேண்டும். விண்ணப்பத்துக்கு மாதக்கணக்கில் ஆகலாம், அதனால் மே பயணத்துக்கு முந்தைய ஆண்டு இறுதியிலேயே அனுப்புங்கள். மாணவர் டூருக்குக் கிடைத்த நுழைவு அனுமதி, செடி எடுப்பதற்கான அனுமதி ஆகாது.

ஆளுக்கு 20 ஷீட் சமர்ப்பிக்க வேண்டும் என்ற டூர் வழக்கத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. 40 மாணவர் என்றால் 800 ஷீட். தேர்வு முடிந்ததும் பெரும்பாலும் குப்பை. அதற்குப் பதில் இரண்டு பேருக்கு ஓர் எண், முழுக் களக்குறிப்பு, ஒழுங்கான லேபிள் என்று வாங்கினால் 20 எண்களும் துறை ஹெர்பேரியத்தில் நிலையாக இருக்கும். சேகரித்தவர் பெயராக மாணவர் பெயரையும் லேபிளில் போடுங்கள்.

இனங்காண்பதில் முதல் விதி, படத்தைப் பார்த்துப் பெயர் வைக்காதே. காய்ந்த பூவை வெந்நீரில் ஒரு சொட்டு சோப்புக் கரைசலோடு இளக்கி, பத்து மடங்கு லென்ஸில் சூலகத்தைக் குறுக்கே வெட்டி அறைகளை எண்ணி, அதற்குப்பின் நூலில் உள்ள கீ (பண்புகளை ஒவ்வொன்றாக ஒப்பிட்டு இனத்தை அடையும் பட்டியல்) போட்டு இறங்குங்கள். 1915 முதல் 1936 வரை வெளிவந்த கேம்பிளின் சென்னை மாகாணத் தாவர நூல் (கேம்பிள் இறந்தபின் ஃபிஷர் முடித்தது) இன்றும் முதல் கருவி. அதில் வரும் பெயர்கள் பழையவை, கியூ தோட்டத்தின் இணையப் பட்டியலில் சரிபார்த்துக்கொள்ள வேண்டும். கடைசியாக மாதிரியைக் கையிலெடுத்துக்கொண்டு கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழக வளாகத்தில் உள்ள மெட்ராஸ் ஹெர்பேரியத்துக்குப் போய் அலமாரி ஷீட்டுகளோடு ஒப்பிடுங்கள். நூலில் ஒரு மாதம் குழம்பியது அங்கே ஒரு மணி நேரத்தில் தெளிவாகும்.

புது இனம் கண்டுபிடித்துவிட்டோம் என்ற ஆசை எல்லோருக்கும் ஒருநாள் வரும். அப்போது அவசரப்படாதீர்கள். மேற்குத் தொடர்ச்சி மலைச் செடிக்கு இந்திய நூல்களை மட்டும் பார்த்துவிட்டு எழுதுவது நம்மவர்கள் அடிக்கடி செய்யும் பிழை. இலங்கையின் ஈரக்காட்டுத் தாவரங்களோடு அதற்கு நெருங்கிய உறவு உண்டு; டிரைமனின் இலங்கைத் தாவர நூலையும் பேராதனை ஹெர்பேரிய மாதிரிகளையும் பார்க்காமல் ‘புதிது’ என்று சொல்லக்கூடாது. அடுத்தது, ஒரே ஒரு மாதிரியை நம்பி எழுதுவது. நிழலில் வளர்ந்த செடி, மாடு கடித்துத் துளிர்த்த செடி, நோய்பிடித்த செடி எல்லாம் புது இனம் போலவே தோன்றும். குறைந்தது இரண்டு பருவம், பூவும் காயும், முடிந்தால் வேறோர் இடத்திலும் பார்த்தபின் எழுதுங்கள்.

பெயர் செல்லுபடியாகச் சில சட்டங்கள் உண்டு. 1958-லிருந்து வகைமாதிரி (அந்தப் பெயருக்கு ஆதாரமான மாதிரி, அதில் மூலமானது ஹோலோடைப்) குறிப்பிடப்பட்டிருக்க வேண்டும். 1990-லிருந்து அது எந்த ஹெர்பேரியத்தில் இருக்கிறது என்பதும் வேண்டும். 2012 ஜனவரி 1 முதல் வேறுபாட்டுக் குறிப்பு லத்தீனிலோ ஆங்கிலத்திலோ இருக்கலாம், ஐ.எஸ்.எஸ்.என். அல்லது ஐ.எஸ்.பி.என். உள்ள பி.டி.எஃப். வெளியீடும் அன்றிலிருந்து ஏற்கப்படுகிறது. ‘ஹோலோடைப் எங்கள் துறையில் உள்ளது’ என்று மட்டும் எழுதி ஹெர்பேரியத்தின் பெயரை விட்டால் அந்தப் பெயரே செல்லாது, வேறொருவர் பின்னால் அதே செடிக்கு முறையாகப் பெயர் வைத்துவிடலாம். நம் நாட்டில் 2002-ம் ஆண்டு உயிரியல் பன்மைச் சட்டத்தின் 39-வது பிரிவும் இருக்கிறது: புது இனத்தைக் கண்டவர் அரசு அறிவித்த காப்பகத்துக்குத் தெரிவித்து, சான்று மாதிரியையும் அங்கே ஒப்படைக்க வேண்டும். ஆகவே ஹோலோடைப்பைக் கோவை மெட்ராஸ் ஹெர்பேரியத்துக்கோ ஹௌராவில் உள்ள மத்திய தேசிய ஹெர்பேரியத்துக்கோ கொடுத்துவிட்டு, அதன் டூப்ளிகேட்டான ஐசோடைப்பைக் கல்லூரியில் வைத்துக்கொள்வதே நல்லது.

எங்கே வெளியிடுவது? பணம் கட்டினால் ஒரு வாரத்தில் போடும் பத்திரிகைகளை விட்டு ஒதுங்குங்கள். ரீடியா, நெலும்போ, கோவையிலிருந்து வரும் த்ரெட்டன்ட் டாக்ஸா இதழ், வெளிநாட்டில் ஃபைட்டோடாக்ஸா போன்றவற்றில் மதிப்பாய்வு கடுமையாக இருக்கும். திரும்பி வந்தாலும் அந்தக் குறிப்புகளிலேயே நிறையக் கற்கலாம். வட்டாரத் தாவரப் பட்டியல், புது இடத்தில் முதல் பதிவு, ஒரு பேரினத்தின் மறுஆய்வு என்று படிப்படியாகப் போங்கள். பிஎச்.டி.யும் மதிப்பாய்வுள்ள இதழ்களில் மூன்று கட்டுரைகளும் இருந்தால் உதவிப் பேராசிரியரும் பிஎச்.டி. மாணவருக்கு வழிகாட்டியாகலாம். ஒரே நேரத்தில் நாலு பேர்வரை எடுக்கலாம் என்பது விதி. களவேலை சார்ந்த துறையில் இரண்டு பேரோடு நிறுத்திக்கொள்வது என் யோசனை. மாணவனோடு மலையேற முடியாத வழிகாட்டியால் அவன் தவறாக எழுதிய லேபிளைக் கண்டுபிடிக்க முடியாது.

கடைசியாக, யாரும் கேட்காத ஒன்று: ஓய்வுபெறும்போது அந்த ஷீட்டுகள் என்ன ஆகும்? ஆசிரியரின் சொந்த பீரோவில் இருக்கும் தொகுப்பு, அவர் போன இரண்டு மழைக்காலத்தில் வண்டுக்கு இரையாகிவிடும். ஓய்வுக்கு ஐந்து ஆண்டு முன்பே டூப்ளிகேட்டுகளைப் பிரித்து, ஒரு செட் மெட்ராஸ் ஹெர்பேரியத்துக்கும், இன்னொன்று அருகில் நடந்துகொண்டிருக்கும் வேறொரு ஹெர்பேரியத்துக்கும் எழுத்துமூலம் கொடுத்து ரசீது வாங்குங்கள். களக்குறிப்பேடுகளை ஸ்கேன் செய்து, அசலை ஷீட்டுகளோடு அனுப்புங்கள். எண் மட்டும் இருந்து குறிப்பேடு தொலைந்தால், லேபிளில் விட்டுப்போன விவரத்தை யாராலும் மீட்க முடியாது. பெயர் தெரியாமல் கிடக்கும் ஷீட்டுகளையும் ‘இனங்காணப்படாதவை’ என்று குடும்ப வாரியாகக் கட்டி அனுப்பிவிடுங்கள், அந்தக் குடும்பத்தில் வேலை செய்ய வருபவர் முதலில் பிரிக்கக் கேட்பது அந்தக் கட்டைத்தான்.